மருத்துவ நிதிக்குப் பாடு வைத்த தருமலிங்கம்

பசியாவரம் தருமலிங்கத்துக்கு முன்பல் இரண்டும் போனது, அரசாங்க வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையால்தான். மற்றபடி அவனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. ஏரி நடுவில் இருக்கிற ஊரிலிருந்து பொன்னேரிப் பக்கத்து அரசுக் கல்லூரிக்குப் போவதென்றால் முதலில் படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ். அன்றைக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் பேன்ட்டுமாக நின்றுகொண்டு, தானே மூங்கில் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினான். கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் இழுத்தான். வந்தது. நேராக வாய்க்கே வந்தது.

மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் கழி ஊன்றத் தெரியவில்லை என்று ஊரே சிரித்தது. அந்த ஊரில் முதல் முதலாக அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவன் அவன். அவனைப் பார்த்துச் சிரிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று சிலர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார்கள். கூடச் சேர்ந்து அவனும் சிரித்திருப்பான், வாய் வீங்கியிருந்ததால் முடியவில்லை.

இது நடந்தது எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். அதற்கடுத்த மாதமே அவன் அம்மா முனியம்மா சுண்ணாம்புக்குளத்தில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தாள். பெண் பெயர் சாமுண்டீஸ்வரி. தருமலிங்கம் அவளை ஏற்கெனவே ஒருமுறை பழவேற்காட்டு மீன் ஏலத்தில் பார்த்திருந்தான். இறால் கூடை ஒன்றுக்காக ஒரு வியாபாரியோடு அவள் மல்லுக்கு நின்றாள். வியாபாரி பதில் சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றான். அந்த இடத்திலேயே தருமலிங்கம் மனசைப் பறிகொடுத்துவிட்டான். ஆகவே அம்மா அந்தப் பெயரைச் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பொங்கல் கழிச்சு பொண்ணு பாக்க வரோம்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள பல்லக் கட்டிக்கோ," என்றாள் முனியம்மா. "அந்தப் பொண்ணு லேசுப்பட்டதில்ல. ஏற்கெனவே ரெண்டு பேரத் திருப்பி அனுப்பிச்சிக்கீது. ஒருத்தனுக்குக் காது பெருசாம். இன்னொருத்தன் டீய உறிஞ்சிக் குடிச்சானாம்."

காதுக்கே அந்தக் கதி என்றால் பல் இல்லாதவனை அவள் ஏரியில் தள்ளினாலும் தள்ளுவாள். பொன்னேரி பல் டாக்டர் இரண்டு பல்லுக்கும் சேர்த்துக் கேட்ட தொகை கிட்டத்தட்ட அவனுடைய ஒரு மாதச் சம்பளம். அந்தச் சம்பளமோ முழுசாக முனியம்மா கைக்குப் போய்க் கல்யாணத்துக்காகப் பானைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தருமலிங்கம் அசரவில்லை. கல்லூரியில் மருத்துவ நிதி இருந்தது. அதை நடத்துகிற குமாஸ்தாவும் அவனேதான்.

அந்த நிதி பிரின்சிபாலின் யோசனை. அரசாங்க ஊழியருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. ஆனால் மூக்குக்கண்ணாடி, பல் செட்டு, டானிக், தனியார் டாக்டரின் பீஸ் இதற்கெல்லாம் அரசாங்கத்தைக் கேட்டால் பதில் வருவதற்குள் நோயாளி ரிட்டயர் ஆகிவிடுவார். அதனால் ஆசிரியர்களும் ஊழியர்களும் மாதம் ஐந்து ரூபாய் சம்பளத்தில் பிடித்தம் கொடுப்பது, யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அதிலிருந்து உதவி பெறுவது என்று பேசி முடித்தார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் பிரின்சிபால், "புகையிலை பழக்கம் உள்ளவர்கள் கூடுதலாக இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். அவர்களுக்குத்தான் நோய் அதிகம் வரும்," என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அதற்கு மிகைக் கட்டணம் என்று பெயரும் வைத்தார். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடுகிற புகையிலை, மூக்குப்பொடி எல்லாம் அதில் அடக்கம்.

யார் யார் புகையிலைக்காரர்கள் என்று கண்டுபிடிக்கும் பாக்கியம் தருமலிங்கத்துக்குக் கிடைத்தது. சம்பளப் பிரிவு என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை என்றுதான் அவன் நினைத்திருந்தான். இப்போது பெரிய பெரிய படிப்பாளிகள் பக்கத்தில் போய் நின்று, ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. இயற்பியல் துறையில் மூன்று பேர் அவனைக் கண்டதும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

அலுவலக சூப்பிரண்டு கௌஸ் மைதீன் அந்தச் சிரமம் கொடுக்கவில்லை. பழவேற்காட்டுக்காரர், தினமும் அவனோடு அதே பஸ்ஸில் வருகிறவர். பஸ்ஸில் அவர் அவனுக்குப் பாய், ஆபீசுக்குள் நுழைந்துவிட்டால் சார். "நம்ம பேர மொதல்ல எழுதுடா லிங்கம். ரெண்டு ரூபாய்க்கு பயந்து பொகையிலய உட்டா அப்பால இன்னாடா மஜா கீது?" என்று அவரே முன்வந்தார்.

பெருக்குகிற கஸ்தூரியம்மாளும் தானாகவே வந்து பெயர் கொடுத்தாள். முதல் மாதச் சம்பளம் வாங்கின மறுநாள் அவன் மேசைக்கு முன்னால் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னா வேணும் கஸ்தூரிம்மா?"

"பொகையில."

"என்கிட்ட ஏது பொகையில?"

"இன்னா நைனா இப்டி கேக்குற? பொகையிலைக்குன்னு ரெண்டு ரூபா புடிச்சியே, பொகையில எங்க? ரெண்டு ரூபாய்க்கு கடையில எவ்ளோ தருவான் தெரிமா?"

அது வாங்குவதற்குப் பிடித்த பணம் இல்லை, போடுவதற்குப் பிடித்த பணம் என்று அவளுக்கு விளக்க அவனுக்குக் காலை முழுவதும் ஆயிற்று. கடைசியில் கௌஸ் மைதீன் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் அவளுக்கு அது வழக்கமாகிவிட்டது.

பொருளாதாரப் பேராசிரியர் சின்னப்பன் மட்டும் கடைசி வரை பிடிகொடுக்கவில்லை. அவர் பொடி போடுகிறவர். வீட்டம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. பொடியை விட்டுவிட்டேன் என்று அந்த அம்மாவிடம் சத்தியமே செய்திருந்தார். ஒரு நாள் ஆபீசில் நின்று கைக்குட்டையை உதறினார். பக்கத்தில் இருந்த தருமலிங்கம் விடாமல் எட்டுத் தும்மல் தும்மினான். அவர் பெயரும் மிகைக் கட்டணத்தில் சேர்ந்தது.

இவ்வளவோடு போயிருந்தால் பரவாயில்லை. தருமலிங்கத்திடம் இன்னொரு வழக்கம் இருந்தது. அவன் ஊரில் பொதுவில் முடிவாகிற எதையும் வாய்விட்டுக் கூவித்தான் சொல்வார்கள். காதில் விழாத கணக்கு கணக்கே இல்லை. அவனும் சம்பளப் பட்டுவாடா நாளில் வராந்தா மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவர் பெயரையும், கூட்டுறவு சொசைட்டிக் கடன் தொடங்கி அவரவர் பிடித்தத்தையும் கல்லூரி வாசல் வரை கேட்கும்படி கூவினான். பல் போனதிலிருந்து 'ச' வருகிற இடத்தில் எல்லாம் ஒரு விசில் வேறு கிளம்பியது.

"சின்னப்பன் சார்! சொசைட்டி! மருத்துவ நிதி! பொடி!"

விசில் கேட்டு மாணவர்கள் வந்து கூடுவார்கள். மறுநாள் சின்னப்பன் வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சு மொத்தமும் ஒரே நேரத்தில் தும்மியது. அந்த வாரமே விஷயம் வீட்டம்மா காதுக்கும் போய்ச் சேர்ந்தது. பாவம் மனிதர், அன்று முதல் அவர் வீட்டில் அவருக்குத் தயிர் சாதம் மட்டும்தான்.

நிதி தொடங்கி இரண்டு மாதம்கூட ஓடவில்லை. காலியாகிவிட்டது. அது வரை ஆரோக்கியமாக இருந்த கல்லூரி, பணம் கிடைக்கும் என்று தெரிந்ததும் படுத்துவிட்டது. தமிழ்த் துறை முழுசும் டானிக் குடித்தது. தாவரவியலில் ஒருவர் தன் மாமியாருக்கு வாங்கின தைலத்தைக்கூட விடவில்லை. பிரின்சிபால் தருமலிங்கத்தைக் கூப்பிட்டு, "நீதானே பார்த்துக்கொள்கிறாய்? இதற்கு ஒரு வழி சொல்," என்றார்.

அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அதைச் சொன்னான்.

பழவேற்காட்டு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடாது. நல்ல இடங்கள் கொஞ்சம். அங்கே எல்லாரும் ஒரே நாளில் வலையைத் தூக்கிக்கொண்டு போனால் இறாலும் மிஞ்சாது, மண்டையும் மிஞ்சாது. அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். இந்த இடத்தில் இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு வரும்போது நீ வலை போடலாம், வராதபோது கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். வேண்டுமானால் இரண்டு பேர் ஊர் அறியப் பாட்டை மாற்றிக்கொள்ளலாம். அடுத்தவன் பாட்டில் திருட்டுத்தனமாக வலை போட்டவனை யாரும் மறுபடி மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

இதையே மருத்துவ நிதிக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றான் தருமலிங்கம். மாதத்துக்கு இரண்டொருவர். அவர்கள் மட்டும் உடம்புக்கு முடியாமல் போகலாம். மற்றவர்கள் தங்கள் பாடு வரும் வரை நன்றாக இருக்க வேண்டும்.

இறால் வேறு, நோய் வேறு என்று அவனுக்குத் தோன்றவில்லை. அது போகட்டும், மெத்தப் படித்த அந்தச் சபையில் வேறு யாருக்காவது தோன்றியதா என்றால் அதுவும் இல்லை. எல்லாருக்கும் தன் பாடு முதலில் வந்தால் போதும் என்றிருந்தது. சின்னப்பன் மட்டும் எழுந்து, மிகைக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு பாடு வேண்டும் என்றார். பெரிய வலை வைத்திருப்பவனுக்கும் ஒரு பாடுதான் என்று தருமலிங்கம் அதைத் தள்ளிவிட்டான்.

வேதியியல் துறையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை வாங்கி வந்து சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டை எடுத்தவள் கஸ்தூரியம்மாள். பெயரைக் கூவியவன் தருமலிங்கம். ஐப்பசிப் பாடு போயிற்று, கார்த்திகைப் பாடு போயிற்று, மார்கழிக்குச் சின்னப்பன் வந்தார், தை, மாசி எல்லாம் போயிற்று. குடுவை அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் சீட்டில் அவன் பெயர். அடுத்த வருஷம் ஆடி.

பெண் பார்ப்பது தையில், பல் வருவது ஆடியில்.

"அரே லிங்கம், நீயே குலுக்கி நீயே ஆடியில போயி உக்காந்துக்குனியேடா!" என்று பஸ்ஸில் வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார் கௌஸ் மைதீன். அவருடைய பாடும் வைகாசியில்தான். இல்லாவிட்டால் கண்டிப்பாக மாற்றிக் கொடுத்திருப்பார்.

அதற்குப் பிறகு கல்லூரியில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பது நின்று போய், "உங்க பாடு எப்போ?" என்பது வணக்கமாகிவிட்டது. தமிழ்ப் பேராசிரியர் ஐப்பசியில் பிடித்த இருமலைக் கார்த்திகை வரை டாக்டரிடம் காட்டாமல் பத்திரமாக வைத்திருந்தார். நூலகருக்குப் பாடு வந்தபோது உடம்பில் ஒரு குறையும் இல்லை. வந்த பாட்டை விட்டால் போச்சே என்று தருமலிங்கத்திடமே வந்து, "எந்த நோய் வெச்சுக்கிட்டா நல்லது?" என்று ஆலோசனை கேட்டார். கணக்குப் பேராசிரியர் நல்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூணில் முட்டி நெற்றியை உடைத்துக்கொண்டார். நெற்றிக்கு மருந்து போடப் பாடு இல்லை.

பிற்பாடு ஒரு தணிக்கைக்காரர் வந்து எல்லாவற்றையும் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். "இங்கே யாருக்கும் ஒரே மாதத்தில் சேர்ந்தாற்போல் உடம்பு கெடுவதே இல்லையே, எப்படி?" என்று கேட்டார்.

"டிசிப்ளின் சார்," என்றார் கௌஸ் மைதீன்.

மார்கழி வந்தது. ஒரு மத்தியானம், ஆபீசில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சின்னப்பன் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தருமலிங்கத்தின் வாயையே பார்த்தார்.

"தம்பி, பொங்கல் கழிச்சு பொண்ணு பார்க்கப் போறியாமே."

"ஆமா சார்."

"இந்த வாயோடயா?"

தருமலிங்கம் வாயை மூடிக்கொண்டான்.

"இந்த மாசம் என் பாடு. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. உன் ஆடிய எனக்குக் கொடு, என் மார்கழிய நீ எடுத்துக்கோ. பாட்ட மாத்திக்கறது உங்க ஊர் வழக்கந்தானே?"

தருமலிங்கத்துக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "மாத்திக்கலாம் சார்! சம்பள நாள்ல எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்!"

"இரு, இரு. எனக்கு நீ ஒண்ணு செய்யணும். நாளைக்கழிச்சு சம்பளம். ரெண்டு ரூபாயப் பிடிச்சுக்கோ, நான் வேண்டாங்கல. அந்தப் பொடிய மட்டும் கூவாதே. மறந்துட்ட மாதிரி விட்டுடு. நான் விட்டுட்டேன்னு எல்லாரும் நெனைச்சுக்கட்டும், வீட்டுக்கும் அந்தச் செய்தி போகட்டும். நாலு மாசமா தயிர் சாதம் சாப்பிடறேன் தம்பி."

தருமலிங்கத்துக்கு மனசு இளகியது. பணம் வந்துவிடுகிறது, பிறகு கூவினால் என்ன, கூவாவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? சரி சார் என்று சொல்லிவிட்டான். அன்று சாயந்திரமே பல் டாக்டரிடம் போய் வாய் நிறைய மெழுகைக் கடித்து அச்சும் கொடுத்துவிட்டான். படகில் வீட்டுக்குப் போகும்போது சாமுண்டீஸ்வரியைப் பார்த்துச் சிரிப்பது எப்படி என்று ஏரித் தண்ணீரில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

சம்பள நாள் வந்தது. வழக்கம்போல வராந்தாவில் கூட்டம். கஸ்தூரியம்மாளுக்கு அன்று எங்கேயோ போக வேண்டும், முதலில் வந்து நின்றாள்.

"கஸ்தூரியம்மாள்! மருத்துவ நிதி! பொகையில!"

"ஆமா நைனா, போடுறேன்," என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்று சில்லறையை முடிந்துகொண்டாள்.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு அந்தப் பெயர் வந்தது.

"சின்னப்பன் சார்! சொசைட்டி! மருத்துவ நிதி!"

அதோடு நிறுத்தினான். வராந்தா முழுக்க அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தது. கடைசி பெஞ்சுப் பையன்கள் தும்முவதற்குத் தயாராக மூக்கைத் தூக்கி வைத்திருந்தார்கள். தருமலிங்கம் குனிந்து மேசையைப் பார்த்தான்.

"பொடி எங்க நைனா?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"இல்லம்மா."

"இல்லன்னா? உட்டுட்டாரா?"

தருமலிங்கம் தலையை ஆட்டினான். ஆமாம் என்கிற மாதிரியும் இருந்தது, இல்லை என்கிற மாதிரியும் இருந்தது. அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட என் ராசா! நெசமாவா சாரு? இந்த வயசுல உட்டுட்டியா? நல்லாயிரு சாமி, உன் பொண்டாட்டி குடுத்து வெச்சவ. நானும் எத்தினியோ வாட்டி உட்டுப் பாத்தேன், முடில. ஒரு மனுசரால முடியுதுன்னா என்னால முடியாதா? இதோ நானும் உட்டுர்றேன். எல்லாரும் பாத்துக்கோங்க!"

இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவினாள். அன்று காலையில்தான் வாங்கிய புதுப் புகையிலை மட்டை உள்ளே இருந்தது. அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சுகம் அது. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒவ்வொரு அறையாகப் பெருக்கிவிட்டு, வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒரு துண்டு அதக்கிக்கொள்வாளே, அந்த நேரத்தில் அவளிடம் யாரும் வேலை சொல்லத் துணிய மாட்டார்கள். அதைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிணற்றுப் பக்கம் வீசக் கையை ஓங்கினாள். சின்னப்பன் வெளிறிப் போய் நின்றார். அவர் சட்டைப் பையில் பொடி டப்பா புடைத்துக்கொண்டிருந்தது.

ஒரு வார்த்தையை விழுங்கியதற்கே இவ்வளவா! என் பேச்சை நம்பி இவள் தன் உயிரையே தூக்கி எறியப் போகிறாளே என்று பதறித் தருமலிங்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"கஸ்தூரிம்மா! வீசாத! வீசாத!" என்று கத்தினான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அதுவரை அந்தக் கல்லூரி கேட்டிராத சத்தத்தில் கூவினான். "சின்னப்பன் சார்! பொடி!"

விசில் கல்லூரி வாசலையும் தாண்டிப் போயிற்று. வராந்தா முழுக்கத் தும்மியது. கஸ்தூரியம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பேராசிரியரைப் பார்த்தாள். "நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுப் பையைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். ரொம்ப நிம்மதி அவளுக்கு.

சின்னப்பன் அவனோடு பேசவில்லை, பாட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மார்கழிப் பாட்டில் மூக்கடைப்புக்கு மருந்து வாங்கிக்கொண்டார். பல் டாக்டர் அலமாரியில் தருமலிங்கத்தின் வாய் மெழுகாக உட்கார்ந்திருந்தது.

பொங்கல் கழிந்தது. முனியம்மா மகன் கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்தாள். ஜலதோஷம் என்று சொல்லி அதை வாயிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், கேட்கிற கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்ட வேண்டும், பேச்சை அவள் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு. கௌஸ் மைதீனும் துணைக்கு வந்தார்.

சுண்ணாம்புக்குளத்தில் காரியம் நன்றாகத்தான் தொடங்கியது. "பையன் அதிகமா பேச மாட்டானா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"ஆபீசுல ஓயாம பேசுற வேல. வூட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டான்," என்றாள் முனியம்மா. அவருக்கு மரியாதை கூடிவிட்டது. பெரிய இடத்து ஆட்கள் அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சாமுண்டீஸ்வரி டீ கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போகாமல் சுவரோரம் நின்று அவனை அளந்தாள். தருமலிங்கம் டீயையும் பார்த்தான், கைக்குட்டையையும் பார்த்தான். எதை எடுப்பது என்று தெரியவில்லை.

"நைனா, இவரு கெத்தா கீறாரு. எனக்கு வேணாம்," என்று அப்பாவிடம் சொன்னாள் அவள். "வந்ததுல இருந்து ஒரு வார்த்த பேசல. நாம பேசுற ஆளுங்க இல்லன்னு நெனைக்கிறாரு. இவரு கூட எவ குடும்பம் நடத்துவா?"

முனியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மாரு ஆயா. அவரு சொல்லட்டும்," என்று அவளை நிறுத்திவிட்டு நேராக அவனைக் கேட்டாள். "சம்பளக் குமாஸ்தான்னு சொன்னாங்களே. சம்பளத்துல இன்னா இன்னா புடிப்பாங்க? அதயாச்சும் சொல்லு."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பான். இதைக் கேட்டால் எப்படிப் பேசாமல் இருப்பது? கைக்குட்டை எப்போது கீழே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது. சொசைட்டி, மருத்துவ நிதி, பொகையில, பொடி என்று கூவத் தொடங்கிவிட்டான். விசில் சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உள்ளே வந்தது. முனியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கௌஸ் மைதீன் கூரையைப் பார்த்தார்.

"பல்லு எங்க?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

போனது போயிற்று என்று தருமலிங்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கழி மாட்டியதிலிருந்து கஸ்தூரியம்மாள் கையை ஓங்கியது வரை. "இப்ப என் பாடு ஆடியிலதான். பொய் சொல்லி வந்து உக்காந்ததுக்கு மன்னிச்சிக்கோ. உன்ன ஏலத்துல பாத்ததுல இருந்து எனக்கு உன்ன ரொம்பப் புடிக்கும். அதான்," என்று முடித்தான். முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

அந்த வீட்டில் பாடு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணின் அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"பணப்பொட்டி உன் கையிலதான் கீதா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா."

"சீட்டக் கூவுனதும் நீதான்?"

"நான்தான்."

"உனக்கே கடேசியா?"

"அதான் வந்துச்சு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாய் பயந்து வெளியே ஓடும் வரை சிரித்தாள். தருமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு புறப்படலாமா என்று அம்மாவைப் பார்த்தான்.

"பல்லு இல்லாதவனா, சாமுண்டி?" என்றார் அப்பா தயக்கத்தோடு.

"பல்லு ஆடியில வந்துரும், நைனா," என்றாள் அவள். சிரிப்பு இன்னும் குரலில் இருந்தது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சீட்டக் கூவுறவன் வூட்டுக்கே கடேசிப் பாடு வந்து நீ எங்கயாச்சும் பாத்துக்கீறியா? எத்தினி ஊருல வல போட்டுக்கீற, சொல்லு."

அவர் யோசித்துப் பார்த்தார். நன்றாகவே யோசித்தார். பிறகு உள்ளே திரும்பித் தாம்பூலத் தட்டை எடுத்து வரச் சொன்னார். கல்யாணத்தைப் பங்குனியில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

திரும்பி வரும்போது படகைக் கௌஸ் மைதீன் தள்ளினார். தருமலிங்கத்தின் கையில் கழியைக் கொடுக்க யாருக்கும் துணிவில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து, மூடவே முடியாத வாயோடு ஏரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"வாய மூடுடா, ஊதக்காத்து உள்ள போவுது," என்றாள் முனியம்மா.

"போவட்டும்மா," என்றான் தருமலிங்கம்.